தூக்குத் தண்டனை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கொடூரமான ஒரு கொலைச் செய்தி வந்தால் ஒரு வாரத்துக்கு "தூக்கில் போடு" என்ற குரல் ஓயாது. அந்த வாரத்தில் இந்தக் கேள்விகளை நிதானமாகப் பேச முடியாது. அந்த வாரம் போன பிறகு யாருக்கும் பேச நேரமில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். நான் தூக்கு வேண்டாம் என்கிற பக்கம். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் அதற்கேற்ப உப்பைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் இன்னும் தூக்கு இருக்கிறதா? கடைசியாக எப்போது நிறைவேற்றினார்கள்?

இருக்கிறது. கடைசியாக 2020 மார்ச் 20 அன்று விடியற்காலை, டெல்லி மாணவி வழக்கில் நான்கு பேரைத் திகார் சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முன் 2015இல் யாகூப் மேமன், 2013இல் அப்சல் குரு, 2012இல் கசாப், 2004இல் தனஞ்சய் சட்டர்ஜி. 2004 முதல் எண்ணினால் மொத்தம் எட்டே பேர்.

தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டவர் ஆட்டோ சங்கர். சேலம் மத்திய சிறையில், 1995 ஏப்ரல் 27. அதன் பிறகு இங்கே தூக்குத் தீர்ப்புகள் எத்தனையோ வந்தன. கயிறு மட்டும் இறங்கவில்லை.

கொலை செய்தால் தூக்குதானே? பிறகு ஏன் இவ்வளவு குறைவு?

கொலைக்குத் தண்டனை தூக்கு அல்லது ஆயுள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவு 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 103 ஆகியிருக்கிறது; விஷயம் மாறவில்லை. ஆனால் எது வழக்கம், எது விதிவிலக்கு என்பது காலப்போக்கில் தலைகீழாகிவிட்டது. 1955 வரை தூக்கு கொடுக்காமல் விட்டால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். 1973இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, தூக்கு கொடுத்தால் சிறப்புக் காரணம் எழுத வேண்டும். 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், தூக்கு அரசியல் சட்டப்படி செல்லும், ஆனால் 'அரிதினும் அரிதான' வழக்குகளில் மட்டும் என்றார்கள். ஐந்தாமவரான பகவதி செல்லாது என்றார்.

அந்த 'அரிதினும் அரிது' என்றால் என்ன? அதற்கு ஏதாவது அளவுகோல் உண்டா?

இந்த விவாதத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

குற்றத்தை மட்டும் பார்க்காதே, குற்றவாளியையும் பார், அவன் திருந்தவே வழியில்லை என்று உறுதியானால் மட்டும் கொடு என்று பச்சன் சிங் தீர்ப்பு சொன்னது. சொன்னது சரி. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அமர்வும் ஒவ்வொரு விதமாக அளந்தது.

உத்தரப் பிரதேசத்து வழக்கு ஒன்று. ஒரு குடும்பத்தில் நான்கு பேரைக் கொன்றதாக ஜீதா சிங், காஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் மூவருக்கும் தூக்கு. ஒரே குற்றம், ஒரே அளவு பங்கு. மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றம் போனார்கள்; மூன்று வேறு அமர்வுகள். ஜீதா சிங்கின் மனு 1976இல் தள்ளுபடியானது. காஷ்மீரா சிங்குக்கு 1977இல் ஆயுளாகக் குறைந்தது. ஹர்பன்ஸ் சிங்கின் மனுவும் தள்ளுபடிதான், ஆனால் கடைசி நேரத்தில் அவர் இன்னொரு மனு போட்டுத் தடை வாங்கிவிட்டார். ஜீதா சிங் அப்படிப் போடவில்லை. 1981 அக்டோபர் 6 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். காஷ்மீராவுக்குக் கிடைத்தது ஹர்பன்ஸுக்கு மட்டும் ஏன் இல்லை என்று நீதிமன்றமே யோசித்து, அவர் தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரை எழுதியது. ஜீதாவுக்காக எழுத ஆள் இல்லை; அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இன்னொன்று. ராஜஸ்தானைச் சேர்ந்த ராவ்ஜி வழக்கில், குற்றத்தைப் பார்த்தால் போதும், குற்றவாளியைப் பார்க்க வேண்டியதில்லை என்ற போக்கில் தீர்ப்பு வந்தது. 1996 மே மாதம் அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்தத் தீர்ப்பு பச்சன் சிங் தீர்ப்புக்கு விரோதமானது, தவறு என்று உச்ச நீதிமன்றமே 2009இல் ஒப்புக்கொண்டது. இந்தத் தவறான வழியில் தூக்கு பெற்று மிச்சமிருந்த 13 பேரைக் காப்பாற்றும்படி 2012இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார்கள்.

தூக்கு கேட்கும் நண்பர்களோடு எனக்கு 'அவன் செத்தால் என்ன' என்பதில் பெரிய சண்டை கிடையாது. யாரைச் சாகவிடுவது என்று பொறுக்கும் வேலை இப்படி நடக்கிறதே என்பதில்தான் சண்டை.

தமிழ்நாட்டு வழக்குகளில் இப்படி நடந்திருக்கிறதா?

இரண்டை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

2000 பிப்ரவரி 2. பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று தீர்ப்பு வருகிறது. தர்மபுரி அருகே இலக்கியம்பட்டியில் அதிமுகவினர் ஒரு பேருந்துக்குத் தீ வைக்கிறார்கள். உள்ளே கல்விச் சுற்றுலா வந்த வேளாண் பல்கலைக்கழக மாணவிகள். மூன்று பேர் எரிந்து இறந்தார்கள். 2007இல் சேலம் நீதிமன்றம் மூவருக்குத் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றம் உறுதி செய்தது, 2010இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. மறுஆய்வு மனுவில், 2016 மார்ச்சில், அதே உச்ச நீதிமன்றம் கும்பல் வெறியில் நடந்தது, இறந்தவர்கள்மேல் தனிப்பட்ட பகை இல்லை என்று ஆயுளாகக் குறைத்தது. 2018 நவம்பரில் எம்ஜிஆர் நூற்றாண்டை ஒட்டி மூவரும் வெளியே வந்தார்கள். ஆளுநர் பன்வாரிலால் புரோகித் ஒப்புதல் கொடுத்தார்.

மற்றது ராஜீவ் கொலை வழக்கு. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. 26க்கு 26. தடா சட்டம் என்பதால் உயர் நீதிமன்றப் படி கிடையாது, நேரே உச்ச நீதிமன்றம். 1999 மே மாதம் அங்கே நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள், மீதி 19 பேர் வெளியே. ஒரு நீதிமன்றம் சாகச் சொன்ன 19 பேரை அடுத்த நீதிமன்றம் வீட்டுக்கு அனுப்பியது. நளினிக்கு 2000இல் ஆளுநர் ஆயுளாகக் குறைத்தார். மற்ற மூவரின் கருணை மனு குடியரசுத் தலைவர் மாளிகையில் 11 ஆண்டுகள் கிடந்து, 2011இல் நிராகரிக்கப்பட்டது. 2011 செப்டம்பர் 9 என்று நாள் குறித்தாகிவிட்டது. பத்து நாள் முன்னால் சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து என்ன நடந்தது தெரியுமா? பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி, ஓய்வுபெற்ற தியாகராஜன், வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தான் எழுதவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். செப்டம்பர் 9 அன்று தூக்கு நடந்திருந்தால் அந்த மனச்சாட்சி யாருக்குப் பயன்பட்டிருக்கும்? பேரறிவாளனின் தாய் அற்புதம்மாளுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம், அவ்வளவுதான். 2014 பிப்ரவரியில் மூவருக்கும் ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18 அன்று பேரறிவாளனும், அந்த நவம்பரில் மற்ற ஆறு பேரும் விடுதலை.

அப்புறம் இதையும் சேர்த்துப் படியுங்கள். எழுவரை விடுவிக்கலாம் என்று தமிழக அமைச்சரவை பரிந்துரைத்தது 2018 செப்டம்பரில். அதே அரசு, அதே ஆளுநர், அதே ஆண்டு. தர்மபுரிக் கோப்பு நகர்ந்தது, இந்தக் கோப்பு நகரவில்லை.

நிரபராதி யாரும் தூக்குவரை போயிருக்கிறார்களா?

போயிருக்கிறார்கள். மகாராஷ்டிராவில் 2003இல் நடந்த ஒரு கொலை, பாலியல் வன்முறை வழக்கில் நாடோடிப் பழங்குடியினர் ஆறு பேருக்குத் தூக்கு. உயர் நீதிமன்றம் மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அந்த மூவருக்கும் சேர்த்துத் தூக்கை மீண்டும் கொடுத்தது. 2019 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரும் குற்றமற்றவர்கள் என்று சொல்லி, ஆளுக்கு 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. 16 வருடம். அதில் ஒருவர் சம்பவத்தின்போது சிறுவர்.

நம் ஊருக்கு வருவோம். 2017இல் சென்னைப் புறநகரில் ஏழு வயதுக் குழந்தை ஒன்று கொல்லப்பட்டது. ஊரே கொதித்தது, நானும்தான். ஓராண்டு தாண்டியதுமே, 2018 பிப்ரவரியில், செங்கல்பட்டு நீதிமன்றம் தூக்கு விதித்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. "இதுதான் நீதி, இப்படித்தான் வேகமாக இருக்க வேண்டும்" என்று பாராட்டினார்கள். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சாட்சியங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, தற்காப்புக்கு நியாயமான வாய்ப்பே தராமல் விசாரணை நடந்திருக்கிறது என்றது.

இந்தச் செய்தி வந்த அன்று எல்லோரும் உச்ச நீதிமன்றத்தைத் திட்டினார்கள். எனக்கென்னவோ கோபம் வேறு பக்கம் போனது. அவர் செய்யவில்லை என்றால் செய்தவன் எட்டு ஆண்டுகளாக வெளியே இருக்கிறான். அவர்தான் செய்தார் என்றால், வழக்கை ஒழுங்காக நடத்தாமல் கோட்டைவிட்டிருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் அந்தக் குழந்தைக்கு நீதி கிடைக்கவில்லை. தூக்கு என்ற சொல் தலைப்புச் செய்தியில் வந்துவிட்டால் போதும் என்ற அவசரத்துக்கு நாம் கொடுத்த விலை அது.

தூக்குத் தீர்ப்பு வந்த பிறகு என்னென்ன படிகள்?

செஷன்ஸ் நீதிமன்றம் தூக்கு கொடுத்தாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. பிறகு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு, குறைந்தது மூன்று நீதிபதிகள். 2014 முதல் மறுஆய்வு மனுவையும் திறந்த நீதிமன்றத்தில் வாதம் கேட்டுத்தான் முடிக்க வேண்டும். தர்மபுரி வழக்கில் மனம் மாறியது அந்த ஏற்பாட்டில்தான். அதன்பின் சீராய்வு மனு (உச்ச நீதிமன்றத்திலேயே கடைசி வாய்ப்பு), ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் கருணை மனு. 18 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தூக்கு கிடையாது. கர்ப்பிணிக்கு ஆயுளாகக் குறைக்க வேண்டும்.

இந்தச் சல்லடையில் கடைசிவரை நிற்பவை எத்தனை? டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, கீழ் நீதிமன்றங்கள் கொடுத்த தூக்குகளில் நூற்றுக்கு ஐந்துகூட உச்ச நீதிமன்றத்தைத் தாண்டவில்லை. மீதி எல்லாம் ஆயுளாகவோ விடுதலையாகவோ மாறிவிட்டன. நூறு இட்லி ஊற்றினால் ஐந்துதான் வேகிறது என்றால் கோளாறு இட்லியில் இல்லை, பாத்திரத்தில்.

கருணை மனுவை இழுத்தடித்தே தப்பிக்கிறார்களே?

இழுப்பது பெரும்பாலும் கைதி இல்லை, கோப்பு. 1983இல் தமிழ்நாட்டு வழக்கான வைத்தீஸ்வரன் வழக்கில், தூக்குக் கொட்டடியில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தால் தூக்கைக் குறைக்கலாம் என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பளித்தார். அந்தக் கைதி தனிக் கொட்டடியில் எட்டு ஆண்டுகள் இருந்தவர். சில வாரங்களிலேயே வேறொரு அமர்வு அந்த இரண்டாண்டுக் கணக்கை ஏற்கவில்லை. 1989இல் அது முழுதாகப் போய்விட்டது. (வைத்தீஸ்வரன் அந்த இடைவெளியில் பிழைத்தார். மறுபடி நாள்கணக்கு!) 2014 ஜனவரியில் தலைமை நீதிபதி சதாசிவம் அமர்வு 15 பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது, பெரும்பாலும் கருணை மனு மீதான தாமதம்தான் காரணம். நிராகரிப்பைக் கைதிக்குத் தெரிவித்து 14 நாள் இடைவெளி விட வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. அப்சல் குருவைத் தூக்கிலிட்ட தகவல் அவர் குடும்பத்துக்குத் தபாலில் போய்ச் சேர்ந்தது, எல்லாம் முடிந்த பிறகு. இப்படி இனி நடக்கக் கூடாது என்பதற்கான விதி இது.

புதிய நடைமுறைச் சட்டம் கருணை மனுவுக்கு நாள் கெடு வைத்திருக்கிறது. கெடு கைதிக்கு; குடியரசுத் தலைவருக்கு இல்லை.

தூக்கு இருந்தால்தானே பயம் இருக்கும்?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிரூபிக்க முடியவில்லை. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2012இல் அங்குள்ள ஆய்வுகளையெல்லாம் புரட்டிவிட்டு, மரண தண்டனை கொலையைக் குறைக்கிறது என்றோ கூட்டுகிறது என்றோ இவற்றை வைத்துச் சொல்ல முடியாது என்றது. இந்தியாவில் மக்கள்தொகைக் கணக்கில் கொலை விகிதம் 1990களின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதியாகியிருக்கிறது. அந்தக் காலத்தில் தூக்கும் குறைந்துதான் வந்தது. அதனால்தான் கொலை குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். தூக்கு குறைந்தால் ஊர் சுடுகாடாகும் என்பது மட்டும் நடக்கவில்லை.

பலருக்குத் தெரியாத தகவல்: திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944இல் தூக்கை ஒழித்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது அதற்குள்தான் இருந்தது. பிறகு இந்தியச் சட்டத்தோடு தூக்கும் திரும்ப வந்தது.

நம் வரிப்பணத்தில் அவனுக்குப் பிரியாணி போட வேண்டுமா?

கசாப் பிரியாணி கேட்டதாக வந்த கதையை நீங்களும் நம்பியிருப்பீர்கள். அது தான் கட்டிய கதை, அவன்மேல் இரக்க அலை எழாமலிருக்கச் சொன்னது என்று அரசு வழக்கறிஞர் உஜ்வல் நிகம் 2015இல் அவரே சொல்லிவிட்டார். சரி, சோற்றுச் செலவுக்காகத்தான் தூக்கு என்றால் அது தண்டனையே இல்லை, சிக்கனம்.

ஆயுள் என்றால் 14 வருடத்தில் வெளியே வந்துவிடுவான் இல்லையா?

தூக்கு கேட்பவர்களின் வாதங்களில் எனக்கு வலுவாகப் படுவது இதுதான். தர்மபுரி மாணவிகளின் பெற்றோர் இடத்தில் நின்று பார்த்தால் 2018 விடுதலை எப்படி இருந்திருக்கும்!

சட்டப்படி ஆயுள் என்பது சாகும்வரை. 14 ஆண்டு என்பது அரசு முன்விடுதலை பற்றி யோசிக்கவே குறைந்தபட்ச எல்லை, அதுவும் தூக்குக்குரிய குற்றங்களில். தேர்தலையும் பிறந்தநாளையும் பார்த்து அரசுகள் அதை அள்ளி வீசியதால்தான் ஆயுள் என்றாலே மக்கள் சிரிக்கிறார்கள். இதற்கு மாற்று 2008லிருந்தே இருக்கிறது: 20, 30 ஆண்டுகள் அல்லது சாகும்வரை முன்விடுதலையே கிடையாது என்று உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் உத்தரவிடலாம். 2015இல் ஐந்து பேர் அமர்வு, மூவருக்கு இருவர் என்ற கணக்கில், இதை உறுதி செய்தது. உயிரை எடுக்காமலும் வெளியே விடாமலும் இருக்க வழி இருக்கும்போது கயிறு எதற்கு?

தூக்கு ஏழைகளுக்குத்தானா?

மேலே சொன்ன 2016 ஆய்வில், தூக்குக் கைதிகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். முதல் விசாரணையிலேயே நல்ல வக்கீல் கிடைத்தாரா என்பதுதான் பாதி வழக்கு. கைதியின் பின்னணி, மனநிலை, சிறை நடத்தை பற்றி அறிக்கை வாங்கித்தான் தண்டனை முடிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக வழிமுறை வகுத்ததே 2022இல்தான்.

வள்ளுவரே ஆதரித்தாரே?

கொலையிற் கொடியாரை ஒறுப்பதைப் பயிருக்குக் களை எடுப்பதோடு ஒப்பிடும் குறளைச் சொல்கிறீர்கள். பரிமேலழகர் அப்படித்தான் பொருள் கொண்டார். 'ஒறுத்தல்' என்றால் தண்டித்தல் மட்டுமே என்பவர்களும் உண்டு. நான் பண்டிதன் இல்லை. ஆனால் வயலில் இறங்கியவர்களுக்குத் தெரியும், இளம் பருவத்தில் குதிரைவாலிப் புல்லும் நெல்லும் ஒன்றுபோல இருக்கும். தெரியாதவனைக் களை பறிக்க விட மாட்டார்கள்.

பாதிக்கப்பட்ட குடும்பம் தூக்கு கேட்டால்?

கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு, யாரும் உபதேசம் செய்ய வேண்டாம். ஆனால் எல்லாக் குடும்பமும் ஒரே குரலில் பேசுவதில்லை. நளினியைத் தூக்கிலிட வேண்டாம் என்று கேட்டவர் சோனியா காந்தி. அதே குண்டில் இறந்த மற்றவர்களின் குடும்பங்களில் சிலர் எழுவர் விடுதலையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்கள். யார் சொல்லைக் கேட்டுத் தண்டனை கொடுப்பது?

வெளிநாடுகளில் தமிழர்கள் தூக்கிலிடப்படுகிறார்களே?

சிங்கப்பூரில் போதைப்பொருள் வழக்குகளில். மலேசியத் தமிழரான நாகேந்திரன் தர்மலிங்கத்தை 42.72 கிராம் ஹெராயின் கடத்தியதற்காக 2022 ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள். அறிவுத்திறன் குறைந்தவர் என்று வாதாடியும் பயனில்லை. மறு ஆண்டு தங்கராஜு சுப்பையா, ஒரு கிலோ கஞ்சா கடத்த உதவினார் என்று. பக்கத்து மலேசியா 2023இல் கட்டாயத் தூக்கை நீக்கி, முடிவை நீதிபதியிடம் விட்டுவிட்டது. இலங்கையில் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் 1976 ஜூனுக்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை. 2019இல் மைத்திரிபால சிறிசேன நால்வருக்குக் கையெழுத்திட்டார். உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

இந்தியா எப்போதாவது ஒழிக்குமா? தமிழ்நாடு மட்டும் ஒழிக்க முடியுமா?

2015இல் ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம், பயங்கரவாதக் குற்றங்கள் தவிர மற்றவற்றுக்குத் தூக்கை நீக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. நடந்ததோ எதிர்மாறு. 2018இல் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைக்கும், 2019இல் போக்சோ சட்டத்திலும் தூக்கு சேர்ந்தது. உயிரோடு விட்டாலும் கொன்றாலும் ஒரே தண்டனை என்றால், ஒரே சாட்சியான அந்தக் குழந்தையை அவன் என்ன செய்வான் என்று குழந்தைகள் நல அமைப்புகள் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மாநிலம் மட்டும் தனியாகச் செய்வது கடினம். குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. மாநிலம் திருத்தம் கொண்டுவந்தால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். ஆனால் கொலை வழக்குகளில் அரசியல் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் ஆளுநரிடம் உண்டு, அமைச்சரவை சொன்னால் அவர் அதன்படி நடக்க வேண்டும் என்பது 2022 பேரறிவாளன் தீர்ப்பில் உறுதியானது. எனவே ஒரு மாநில அரசு மனது வைத்தால், சட்டப் புத்தகத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமலே, அந்த மாநிலத்து நீதிமன்றங்கள் கொலைக்குக் கொடுத்த தூக்கை ஒவ்வொன்றாக ஆயுளாகக் குறைக்கப் பரிந்துரைத்துக்கொண்டே போகலாம். சேலம் சிறையில் 1995க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை என்பதால், நடைமுறையில் பெரிய வித்தியாசம்கூடத் தெரியாது.